மணி இருந்த பக்கம்

நான்கு கப்பல்கள். மெண்டிப், குவாண்டாக், மால்வர்ன், செவியட். நான்கும் இங்கிலாந்து மலைகளின் பெயர்கள். உலகச் சண்டை முடிந்த கையோடு கம்பெனி அவற்றைக் கட்டியது. பழைய கப்பல்களில் முக்கால்வாசி கடலுக்கு அடியில் போயிருந்தன. ஊரில் ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் இறைச்சி என்று அரசாங்கம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. போனஸ் அயர்ஸில் மாடு மலிந்து கிடந்தது, லண்டனில் வாய் காய்ந்து கிடந்தது. நடுவில் ஓட இந்த நான்கும். மேலே அறுபது பயணிகள், எல்லாரும் முதல் வகுப்பு. கீழே நாலாயிரம் டன் இறைச்சி. மேலே இருப்பவர்களுக்கு வேர்க்கக் கூடாது, கீழே இருப்பது உருகக் கூடாது. இறைச்சியைப் பார்த்துக்கொள்ள என்றே குளிர் இயந்திரக்காரர்கள் சிலர் ஒவ்வொரு கப்பலிலும் இருந்தார்கள்.

அவர்களைக் கம்பெனி ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றினால் என்ன குடி முழுகிவிடும்? மெண்டிப்பில் வேலை பார்த்தவன் மால்வர்னில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். இயந்திர அறைக்கு இறங்கும் ஏணியில் அங்கேயும் பதினோரு படி, இங்கேயும் பதினோரு படி. விளக்கு அணைந்தால் யாரும் தடவ மாட்டார்கள். கை தானாகவே வால்வுக்குப் போகும். அதில் அவர்களுக்கு ஒரு கர்வமும் உண்டு. தங்கள் கப்பலை அறிந்ததுபோல் தங்கள் பெண்டாட்டியைக்கூட அறிந்ததில்லை என்பார்கள், பெண்டாட்டி பக்கத்தில் இல்லாதபோது.

ஆனால் செவியட்டில் ஒரு வித்தியாசம் இருந்தது. முதல் மூன்றும் மெர்சி நதிக்கரையில் கட்டியவை. நாலாவதுக்கு அங்கே இடம் கிடைக்காமல் டைன் நதிக்கரைக்குப் போனது. அங்கே படம் வரைந்தவன் கீழ்த்தட்டிலிருந்த குளிர் அறைகளின் கதவுகளை இடம் வலமாக மாற்றிப் போட்டுவிட்டான். கதவு மாறியதால் உள்ளே இருந்த மணியும் மாறியது. இந்த அறைகளின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, தாழ் வெளியே. யாராவது மாட்டிக்கொண்டால் இழுக்க உள்ளே ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கும், இழுத்தால் இயந்திர அறையில் மணி அடிக்கும். மூன்று கப்பல்களில் அது உள்ளே கதவை நோக்கி நிற்பவனுக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில். செவியட்டில் இடப்பக்கம்.

இது ரெக் ஃபென்னிக்குக்குத் தெரியும். நாற்பத்தெட்டில் செவியட் கட்டப்படும்போது மேற்பார்க்கக் கம்பெனி அனுப்பிய ஆட்களில் அவன் ஒருவன். ஃபோர்மேனிடம் சண்டைகூடப் போட்டான். அந்த ஃபோர்மேன் குளிருக்கு இடது வலது தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அதன் பிறகு ஃபென்னிக் செவியட்டில் குளிர் இயந்திரங்களின் இரண்டாவது எஞ்சினியராகவே தங்கிவிட்டான். எல்லாரும் அவனைச் செகண்ட் என்றே கூப்பிட்டார்கள்.

அவனுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. நாற்பத்தேழு நிமிடக்காரன்.

அது இப்படி. கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டும் நாளில் மேல்தட்டில் பயணிகளுக்குக் கூத்து நடக்கும். கடலரசன் வேடம் போட்ட ஒருவன் புதிதாகத் தாண்டுகிறவர்களைச் சோப்பு நுரை பூசி நீச்சல் குளத்தில் தள்ளுவான். வாத்தியம் வாசிப்பார்கள், ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். அதே நாளில் கீழே குளிர் இயந்திரக்காரர்களுக்கு அவர்களுடைய கூத்து. அந்தக் கப்பலுக்குப் புதிதாக வந்தவனைப் பனியனோடு குளிர் அறைக்குள் விட்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டுவார்கள். தாங்க முடியாதபோது அவன் மணியை அடிக்க வேண்டும். அடித்த நொடியில் கதவைத் திறந்து, கம்பளி போர்த்தி, ரம் கொடுப்பார்கள். அடிக்காமல் திறக்கக் கூடாது. திறந்தால் கணக்கில் வராது. நான்கு கப்பல்களுக்கும் சேர்த்து யார் அதிக நேரம் இருந்தானோ அவன் அந்தக் கப்பலில் இருந்தால் கதவின் தாழ் அவன் கையில்தான் இருக்கும். நாற்பத்தொன்பதில் ஃபென்னிக் ஒரே ஒரு பயணம் மெண்டிப்புக்கு மாற்றலாகிப் போனபோது நாற்பத்தேழு நிமிடம் இருந்தான். வெளியே வந்த சில வாரத்தில் காது நுனி கறுத்துப்போய் ஒரு துணுக்கு உதிர்ந்தது. அந்தக் காதை அவன் தொப்பிக்கு வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வான். ஆறு வருடமாக லண்டன் துறைமுக வாசலில், டாக் கேட்டுக்கு எதிர்த்த பப்பில் அவன் நுழைந்தால் யாராவது ஒருவன் எழுந்து இடம் கொடுப்பான். இரண்டாவது எஞ்சினியரையெல்லாம் யார் மதிக்கிறார்கள்? நாற்பத்தேழைத்தான் மதித்தார்கள்.

ஐம்பத்தைந்து பிப்ரவரியில் போனஸ் அயர்ஸில் செவியட்டின் கிரீசர் ஒருவனுக்கு வயிற்றில் அறுவைசிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். பக்கத்தில் மால்வர்ன் கட்டிக் கிடந்தது. அதிலிருந்து இட்வால் பரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். வேல்ஸ்காரன், இருபத்தாறு வயது, எல்லாரும் கூப்பிடுவது டாஃபி என்று. கிரீசர் என்றால் எண்ணெய் போடுகிறவன். ஆனால் வேலை எண்ணெயில் இல்லை, கையில் இருக்கிறது. ஓடுகிற இயந்திரத்துக்குள் கையை விட்டு, தண்டு சுற்றி வருவதற்குள் தாங்கியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் கை இல்லை. டாஃபி அதைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வான். சீஃப் எஞ்சினியர்கூட நின்று பார்த்துவிட்டு, இவனை மால்வர்னுக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றார்.

டாஃபி ஏற்கெனவே மூன்று கப்பல்களிலும் பூட்டப்பட்டவன். மெண்டிப்பில் இருபத்தொரு நிமிடம். குவாண்டாக்கில் முப்பது. மால்வர்னில் நாற்பத்தொன்று. செவியட் ஒன்றுதான் பாக்கி. வந்த பத்து நாளில் அதை அவன் ஆயிரம் தடவை சொல்லிவிட்டான். ஏணியில் இறங்கும்போது, டீ குடிக்கும்போது, ஃபென்னிக் காதில் விழும்படி. செகண்டின் காதை ஒருமுறை உற்றுப் பார்த்து, உங்கள் பழைய காது பாவம், புதுக் காது வருகிறது, அதற்கு ஓய்வு கொடுங்கள் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஃபென்னிக்கும் சிரித்தான். பல் தெரியாமல் சிரித்தான்.

ரேகை தாண்டும் நாள் வந்தது. பிற்பகல் மூன்று மணி. மேலே வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. கீழ்த்தட்டில் கல்லீரலும் நாக்கும் பெட்டி பெட்டியாக அடுக்கிய சின்ன அறை ஒன்று இருந்தது. கொஞ்சம் சூடு உள்ளே போனாலும் அந்தச் சரக்கு கெடாது. உள்ளே உறைநிலைக்குக் கீழே பதிமூன்று டிகிரி. போனஸ் அயர்ஸில் மூடியதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை, சூட்டை வெளியிலிருந்தே குழாய் வழியாக அளந்துகொள்வார்கள். டாஃபி அதற்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சாவி ஃபென்னிக்கிடம் இருந்தது. சீஃபுக்கு எல்லாம் தெரியும், தெரியாததுபோல் மேலே ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார். கதவருகே மூன்றே பேர். ஃபென்னிக், டாஃபி, பிறகு ஸ்டப்பின்ஸ் என்ற வயதான கிரீசர். ஸ்டப்பின்ஸ் கையில் சமையலறையிலிருந்து வாங்கி வந்த கடிகாரம். இயந்திர அறையிலிருந்து ஒரு ஒலிக்குழாயை இழுத்து வைத்திருந்தார்கள். மணி அங்கே அடித்தால் இங்கே கேட்கும்.

டாஃபி இயந்திர அறையிலிருந்து நேராக வந்திருந்தான். பனியன் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஃபென்னிக்குக்கு அப்போது மணி ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. இந்தக் கப்பலில் இடப்பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் டாஃபி தோளில் தட்டினான். இரண்டாவது எஞ்சினியரின் தோளில் ஒரு கிரீசர்.

"நாற்காலி கொண்டு வரச் சொல்லுங்க செகண்ட். ரொம்ப நேரம் நிக்கணும். உங்க வயசுக்கு முட்டி தாங்காது."

ஃபென்னிக் திறந்த வாயை மூடிக்கொண்டான். தடவட்டும், என்று நினைத்தான். இருட்டில் ஐந்து நிமிடம் மணியைத் தேடித் தடவட்டும், வாய்க்கொழுப்பு இறங்கும். அவ்வளவுதான் நினைத்தான். கொல்ல நினைக்கவில்லை, கெடுக்க நினைக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழைப் போட்டான். ஸ்டப்பின்ஸ் விளக்கை அணைத்தான்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. ஸ்டப்பின்ஸ் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினான். மாப்பிள்ளை மீன் கடைக்காரன், வீட்டில் நாற்றம் என்றான். இருபத்தைந்தாவது நிமிடம் கதவுக்கு உள்ளே மெல்ல ஒரு சத்தம். தொப், தொப். கதவில் ஒரு முழம் தடிமனுக்குத் தக்கை. பீரங்கி வெடித்தாலும் அதற்கு இந்தப் பக்கம் விரல் சொடுக்கிய மாதிரிதான் கேட்கும்.

"காலை உதைச்சுக்கிறான்," என்றான் ஸ்டப்பின்ஸ். "சூடு ஏத்திக்கிறான். விவரமான பய."

ஃபென்னிக்கும் மெண்டிப்பில் அப்படித்தான் காலை உதைத்துக்கொண்டான். ஆகவே அது கால் என்றே வைத்துக்கொண்டான். ஆனால் சத்தம் கதவின் அடியில் இல்லை. தோள் உயரத்தில் இருந்தது. உள்ளே நிற்பவனுக்கு வலப்பக்கம். அதே இடத்தில், திரும்பத் திரும்ப. அவன் கை தாழின் மேல் இருந்தது, இரும்பு வழியே அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. மேலே பயணிகள் ஓவென்று கத்தினார்கள். யாரையோ குளத்தில் தள்ளியிருக்க வேண்டும்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் சத்தம் குறைந்தது. நாற்பத்திரண்டில் நின்றது.

ஃபென்னிக் நிமிர்ந்தான். திறந்துவிடலாம் என்று தாழைப் பாதி தூக்கினான். ஸ்டப்பின்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு ஃபென்னிக்கைப் பார்த்தான், பிறகு அந்தக் காதைப் பார்த்தான்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான் செகண்ட். இப்பத் திறந்தீங்கன்னா நாற்பத்தேழைக் காப்பாத்திக்கத் திறந்தாருன்னு நாலு கப்பலும் சொல்லும். அந்தப் பப்புல அப்புறம் தலை காட்ட முடியுமா?"

உண்மைதான். முடியாது. தாழ் மறுபடி இறங்கியது. இறக்கியது அவன் கைதான், வேறு யார் கையும் அல்ல. ஒரு மனிதன் உள்ளே செத்துக்கொண்டிருக்கலாம் என்று அவனுக்குத் தெரியும், ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும், இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தீர்களல்லவா. அந்த ஐந்து நிமிடமும் அவன் மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அடித்திருந்தால் அவன் புகழும் பிழைத்திருக்கும், டாஃபியும் பிழைத்திருப்பான். அடிக்கவில்லை.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. ஸ்டப்பின்ஸ் விசிலடித்தான். இனித் திறக்கலாம், ஃபென்னிக்குக்குப் போனது போனதுதான். திறந்திருக்கலாம். ஆனால் இப்போது அவனுக்குக் கோபம். போய்விட்டதே என்ற கோபம். இன்னும் என்ன வீம்பு, அடித்துத் தொலையேன் மணியை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில்தான் தாழைத் தூக்கினான்.

விளக்கைப் போட்டார்கள். டாஃபி கதவின் வலப்பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். ஒட்டி என்றால் ஒட்டியே. அந்தச் சுவரில் குளிர்ந்த உப்புநீர்க் குழாய்கள் வரிசையாக ஓடின. ஈரக் கையோடு அவற்றைப் பிடித்து ஏறித் தேடியிருக்கிறான், உள்ளங்கை பனிக்கட்டியோடு சேர்ந்துவிட்டது. கண் திறந்திருந்தது. வலது கை விரல்கள் வெள்ளையாக, கல்லாக இருந்தன. ஸ்டப்பின்ஸ் அவனை இழுத்தபோது தோல் குழாயிலேயே நின்றுவிட்டது. அப்போதும் டாஃபி கத்தவில்லை.

ஃபென்னிக் இடப்பக்கம் பார்த்தான். நாக்குப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. போனஸ் அயர்ஸில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கும் இந்த நான்கு கப்பல்களும் மனப்பாடம். மணி இருக்கும் வலப்பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கம் அடுக்கு என்று கை பழகியவர்கள். அப்படியே அடுக்கிவிட்டார்கள். பித்தளைக் கைப்பிடி மூன்றாவது பெட்டிக்குப் பின்னால், மணிக்கட்டு நுழையாத இடுக்கில் இருந்தது.

ஸ்டப்பின்ஸ் டாஃபியைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். ஃபென்னிக் பின்னால் ஓடவில்லை. அறைக்குள் போய் நான்கு பெட்டிகளை எடுத்து வலப்பக்கம் வைத்தான். கைப்பிடி பளிச்சென்று தெரிந்தது. பிறகுதான் அவன் வெளியே வந்தான்.

டாக்டர் வலது கையில் நான்கு விரல்களையும் இடது கையில் இரண்டையும் எடுத்தார். இடது கையில் மிஞ்சியவை மடங்காமல் விறைத்துப்போயின. மறுநாள் கேப்டன் கீழே வந்து பார்த்தார். மணி வேலை செய்கிறதா என்று கேட்டார். ஃபென்னிக் போய் இழுத்தான். இயந்திர அறையில் கணீரென்று அடித்தது. மணி நல்ல நிலையில் இருந்தது, கிரீசர் உத்தரவில்லாமல் விளையாட்டாக உள்ளே போனான், மணியை அடிக்கவில்லை என்று கேப்டன் எழுதினார். ஃபென்னிக் கையெழுத்துப் போட்டான். உத்தரவில்லாமல் போனவனுக்கு நஷ்டஈடு கிடையாது. டாஃபியும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் கூத்தில் காட்டிக் கொடுக்கிற வழக்கம் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஃபென்னிக் அவனைப் பார்க்கப் போனான். இரண்டு கைகளும் துணிப்பந்துகளாக மார்பின் மேல் கிடந்தன.

"எவ்வளவு நேரம் செகண்ட்?" என்றான் டாஃபி.

"ஐம்பத்து மூணு."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. குழந்தைச் சிரிப்பு, பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அவன் தலையைத் திருப்பினான்.

"அந்த மணி எங்க இருந்துச்சு? எவ்வளவு தேடினேன் தெரியுமா. அந்த இடத்துல கையை வச்சா வெறும் சுவர்."

ஃபென்னிக் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

"எப்பவும் இருக்கற இடத்துலதான்டா. குளிர்ல மூளை கலங்கிப்போயிருக்கும்."

டாஃபி தலையாட்டினான். இருக்கும், என்றான். நான்தான் முட்டாள், என்றான். கதவைத் திறந்ததற்கு நன்றி என்றும் சொன்னான்.

லண்டனில் கம்பெனி இரக்கப்பட்டு டாஃபிக்கு டாக் கேட்டில் காவல்காரன் வேலை கொடுத்தது. லாரி வந்தால் கட்டையைத் தூக்க வேண்டும், முழங்கையால் அழுத்தினால் தூக்கும். இரண்டு வருடத்தில் ஃபென்னிக்கும் கடலை விட்டுவிட்டு அதே டாக்கில் குளிர்கிடங்கு வேலைக்கு வந்தான். கடல் அலுத்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான். செவியட்டில் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் உள்ளங்கை அதிர்ந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் எதிர்த்த பப்பில் சாப்பிடுவார்கள். டாஃபி எப்போதும் சாப்ஸ் அல்லது ஸ்டீக் சொல்வான், முரட்டு இறைச்சி. அவனால் கத்தி பிடிக்க முடியாது. ஃபென்னிக் தன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவன் தட்டை இழுத்துத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பான். முதல் நாள் அவனாகவே செய்தது, அப்புறம் வழக்கமாகிவிட்டது. பதினான்கு வருடம். ஃபென்னிக் வெட்டி முடிப்பதற்குள் அவன் சாப்பாடு ஆறிவிடும். பப்பில் இருந்தவர்கள் பார்த்துப் பார்த்து உருகினார்கள். சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஃபென்னிக் தலையைக் குனிந்து இன்னும் வேகமாக வெட்டுவான்.

டாஃபி வெட்டிய துண்டுகளை முள்கரண்டியைக் கட்டைவிரலில் இடுக்கிச் சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொல்வான். புதிதாக யார் வந்தாலும் சொல்வான். அந்தக் கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. மணி கைக்குக் கீழேயே இருந்ததாம். இழுத்தால் ரம், கம்பளி, எல்லாம் உண்டாம். இழுக்கமாட்டேன் என்று நின்றானாம். விரல் போனாலும் ஐம்பத்து மூன்று போகாது என்பான். கேட்டவர்கள் பீர் வாங்கிக் கொடுப்பார்கள். ஃபென்னிக்கைப் பார்த்து, இல்லையா செகண்ட், என்பான். ஆமாம் என்பான் ஃபென்னிக்.

கப்பல்களுக்கும் காலம் முடிந்தது. பயணிகள் விமானத்தில் ஏறிவிட்டார்கள். இறைச்சி வேறு வேறு கப்பல்களில் வர ஆரம்பித்தது. மெண்டிப் அறுபத்தொன்பதில் உடைக்கப் போனது, பிறகு குவாண்டாக், பிறகு மால்வர்ன். எழுபத்தொன்றில் செவியட்டையும் தைவானுக்கு அனுப்பினார்கள். அது போன மாதத்தில்தான் ஹம்ஃப்ரி லாட்டிமர் பப்புக்கு வந்தார். வரி அலுவலகத்தில் குமாஸ்தா. வாழ்நாளில் கடல் ஏறியதில்லை, ஆனால் கப்பல்களின் மேல் பைத்தியம். இந்த நான்கு கப்பல்களின் சரித்திரத்தையும் புத்தகமாக எழுதுகிறேன் என்றார். எந்த வருடம் எந்த வண்ணம், புகைபோக்கி எத்தனை அடி என்று எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனை விரல் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை. ஆட்டுச் சாப்ஸ் வந்திருந்தது. ஃபென்னிக் வெட்ட ஆரம்பித்திருந்தான். லாட்டிமர் மேஜையின் மறுபாதியில் ஒரு படச்சுருளை விரித்து நான்கு மூலையிலும் பீர்க் கோப்பை வைத்தார்.

ஆணி முதல் ஒன்றுபோல இருக்கும் என்றுதான் எழுதியிருந்தேன், ஆனால் செவியட்டின் படத்தில் ஒரு விசித்திரம் கண்டேன் என்றார் அவர். பென்சிலால் காட்டினார். கீழ்த்தட்டுக் குளிர் அறைகளின் கதவுகள் இதில் மட்டும் இடது கைப்பக்கமாக இருக்கின்றன. அபாய மணியும் இடப்பக்கம். கட்டும்போது ஃபென்னிக் அங்கே இருந்ததாகச் சொன்னார்கள், அதனால்தான் கேட்டுவிட்டு எழுதலாம் என்று வந்தேன் என்றார்.

ஃபென்னிக்கின் கத்தி நின்றது. அவன் டாஃபியைப் பார்க்கவில்லை. டாஃபி குனிந்து படத்தைப் பார்த்தான். லாட்டிமர் காட்டிய புள்ளியின் மேல் தன் வலது கையின் கட்டைவிரலை வைத்தான். அந்தக் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

"சொல்லுங்க செகண்ட்," என்றான். குரலில் ஒன்றும் இல்லை. "அந்த மணி எங்க இருந்துச்சு?"

பதினாறு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே கேள்வி, அதே சொற்கள். பப்பில் பேச்சு அடங்கிவிட்டது. பக்கத்து மேஜைக்காரன் திரும்பி உட்கார்ந்தான். ஃபென்னிக் பாவம், இரண்டு பக்கமும் யோசித்தான். உண்மையைச் சொன்னால் டாஃபியின் ஐம்பத்து மூன்று செத்துவிடும். மணி கைக்குக் கீழே இருந்தும் இழுக்காத வீரன் போய், மணி கிடைக்காமல் இருட்டில் சுவரைப் பிறாண்டியவன் ஆகிவிடுவான். அவனுக்கு இருப்பது அந்தக் கதை ஒன்றுதான், அதையும் பிடுங்குவதா? அவனுக்காகத்தான் சொல்கிறேன் என்று ஃபென்னிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அவன் நம்பியும் இருக்கலாம். மனிதனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"வலப்பக்கம்," என்றான். "இது பழைய படம். கட்டும்போது மாத்திட்டாங்க. மத்த மூணு மாதிரியேதான்."

லாட்டிமருக்கு ரொம்பச் சந்தோஷம். நேரில் பார்த்தவர் சொல்வதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். பென்சில் குறிப்பை ரப்பரால் அழித்தார். படத்தைச் சுருட்டிக்கொண்டு, புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆணி முதல் ஒன்றுபோல இருந்த நான்கு கப்பல்கள் என்று அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

பப்பில் பேச்சு மறுபடி தொடங்கியது. டாஃபி கோப்பையை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் பிடித்து ஒரு வாய் குடித்தான். வைத்தான்.

"கை ஆறினதும் முதல் வேலையா செவியட்ல ஏறிப் பார்த்தேன் செகண்ட். ஐம்பத்தஞ்சு ஜூன்ல. ஸ்டப்பின்ஸ்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டான். இடப்பக்கம், தோள் உயரம். அந்தப் பக்கம் அன்னிக்குப் பெட்டி இருந்துச்சு. இருட்டுல தோள்ல இடிச்சது எனக்கு நல்லா ஞாபகம். கேப்டன் எழுதினதுல மட்டும் பெட்டியே இல்லை."

ஃபென்னிக் கணக்குப் போட்டான். ஐம்பத்தைந்து ஜூன். அதற்கு அப்புறம் எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை சாப்ஸ்.

"தெரிஞ்சுமா?" என்றான். "ஏன்டா அப்பவே கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. அழுதிருப்பீங்க. நானும் போகட்டும் விடுங்கன்னு சொல்லியிருப்பேன், என் சுபாவம் அப்படி. நீங்க லேசாகிப் போயிருப்பீங்க." டாஃபி சிரித்தான். இருபத்தாறு வயதில் ஃபென்னிக்கின் தோளில் தட்டியபோது சிரித்த அதே சிரிப்பு. "இன்னிக்கு ஒரு தடவை வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம்னுட்டீங்க."

ஃபென்னிக் எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். பார் பின்னால் நின்ற பெண் இவர்களைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தாள். வழக்கம்போல என்ன அருமையான சிநேகிதம் என்று நினைத்திருப்பாள்.

டாஃபி தட்டைக் கட்டைவிரலால் அவன் பக்கம் தள்ளினான்.

"வெட்டுங்க செகண்ட், ஆறுது. கொஞ்சம் சின்னதா வெட்டுங்க. போன வாரம் பெருசா இருந்துச்சு."

ஃபென்னிக் கத்தியை எடுத்து, குனிந்து, வெட்டினான்.